உள்ளே விடுவது எளிது

(தொழில்முனைவோரும் கணினித் துறை மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2021 மே 7 அன்று அமெரிக்காவில் ஓர் எரிபொருள் குழாய் நின்றது. டெக்சாஸிலிருந்து நியூயார்க் பக்கம் வரை சுமார் 8,850 கிலோமீட்டர் ஓடும் கொலோனியல் பைப்லைன் அது. கிழக்குக் கரை மாநிலங்கள் செலவழிக்கும் எரிபொருளில் ஏறக்குறைய பாதி அதன் வழியாகத்தான் போகிறது. பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. பல பங்குகளில் ‘இருப்பு இல்லை’ என்று எழுதிப் போட்டார்கள். நிறுவனம் 75 பிட்காயினை, அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலரை, கணினிகளுக்குள் புகுந்து மிரட்டியவர்களுக்குக் கொடுத்தது.

புகுந்தவர்கள் பெரிய வித்தை எதுவும் காட்டவில்லை. வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வருவதற்கான பழைய விபிஎன் கணக்கு ஒன்று இருந்தது. யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. யாரும் அதை மூடவும் இல்லை. பாஸ்வேர்டு தெரிந்தால் போதும், ஓடிபி போன்ற இரண்டாவது சோதனை கிடையாது. நிறுவனத்தின் தலைமை நிர்வாகியே அடுத்த மாதம் செனட் குழுவின் முன் இதை ஒப்புக்கொண்டார்.

சிங்கிள் சைன்-ஆன் பற்றிப் பேச அழைத்துவிட்டு இவர் பெட்ரோல் கதை சொல்கிறாரே என்று நினைக்காதீர்கள். ஒரே லாகினில் எல்லா மென்பொருளும் திறக்கும் என்பதுதான் அந்த வசதியைப் பற்றி எல்லோரும் சொல்வது. விற்பவரும் அதைச் சொல்லித்தான் விற்கிறார். என் கணக்கில் அது சின்ன லாபம். பெரிய லாபம் ஒருவர் வேலையை விட்டுப் போகிற நாளில் தெரியும்: ஓரிடத்தில் மூடினால் எல்லா இடத்திலும் மூட வேண்டும். அப்படி மூடுகிறதா, மூடாவிட்டால் ஏன் என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு.

கொஞ்சம் பழைய கதையிலிருந்து வருகிறேன். கணினிக்குப் பாஸ்வேர்டு வந்தது 1960-களின் தொடக்கத்தில். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு, ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் ஏற்பாட்டைச் செய்தது. அவரவர் கோப்பு அவரவருக்கு, அவரவர் நேரம் அவரவருக்கு என்று பிரிக்கப் பாஸ்வேர்டு தேவைப்பட்டது. 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு, ஒதுக்கிய நேரம் போதவில்லை. பாஸ்வேர்டுகள் இருக்கும் கோப்பை அச்சடித்துத் தரச்சொல்லித் துளை அட்டை ஒன்றைச் செருகினார். கணினியும் மறுபேச்சில்லாமல் அச்சடித்துக் கொடுத்தது. பாஸ்வேர்டு நடை பழகும் வயதிலேயே முதல் திருட்டு நடந்துவிட்டது.

அதே எம்.ஐ.டி.யில் 1983-இல் அதீனா என்ற திட்டம் தொடங்கியது. வளாகம் முழுக்கக் கணினிகள்; எந்த மாணவரும் எதிலும் உட்காரலாம். அஞ்சல் ஒரு சர்வரில், கோப்புகள் இன்னொன்றில், அச்சு வேறொன்றில். ஒவ்வொன்றுக்கும் பாஸ்வேர்டைக் கம்பி வழியே அனுப்பினால், நடுவில் ஒட்டுக்கேட்பவன் எடுத்துக்கொள்வான். அதற்குத் தீர்வாக அவர்கள் கட்டியதுதான் கெர்பராஸ். கிரேக்கப் புராணத்தில் பாதாள உலகின் வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது. ரோஜர் நீடம், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இருவர் 1978-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரைதான் அதற்கு அடித்தளம்.

இந்த முறையில் பாஸ்வேர்டு கம்பியில் பயணம் செய்வதே இல்லை. நீங்கள் பெயரைச் சொல்கிறீர்கள். மைய சர்வர், உங்கள் பாஸ்வேர்டிலிருந்து பிறக்கும் சாவியால் பூட்டிய ஒரு டிக்கெட்டை அனுப்புகிறது. பாஸ்வேர்டு தெரிந்தவர் மட்டுமே அதைத் திறக்க முடியும். பிறகு அஞ்சலுக்கு, அச்சுக்கு என்று தனித்தனி டிக்கெட்டுகளை அதைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். டிக்கெட்டுக்கு ஆயுள் சில மணி நேரம்தான். கணினிகளின் கடிகாரங்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் வேலையே நடக்காது. இன்றும் அலுவலகத்தில் சிஸ்டத்தின் நேரம் தவறிப்போய் லாகின் ஆகாமல் திண்டாடியவர்கள் இங்கே இருப்பீர்கள், காரணம் இதுதான். விண்டோஸ் 2000 முதல் மைக்ரோசாஃப்ட் இதையே எடுத்துக்கொண்டது. காலையில் ஒருமுறை லாகின் செய்தபின் பிரின்டரும் ஷேர் ஃபோல்டரும் மறுபடி கேள்வி கேட்காமல் திறப்பதற்கு உள்ளே ஓடுவது அந்தக் கெர்பராஸ்தான்.

இதெல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள் நடக்கும் கதை. மென்பொருள் அலுவலகத்தை விட்டு வெளியே போனதும் கதை மாறியது. வாடிக்கையாளர் விவரம் ஒரு நிறுவனத்தின் சர்வரில், சம்பளக் கணக்கு இன்னொன்றில், அஞ்சல் வேறொன்றில். ஒவ்வொருவரும் தனித்தனியாக உங்கள் ஊழியரின் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டார்கள். ஓர் ஏற்றுமதி நிறுவனத்து மெர்ச்சண்டைசரை எடுத்துக்கொள்ளுங்கள். அஞ்சல், ஈ.ஆர்.பி., வெளிநாட்டு பையரின் போர்ட்டல், கூரியர், இ-வே பில் என்று எத்தனை லாகின்! மனிதர் என்ன செய்வார்? எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பார், அல்லது டைரியில் எழுதுவார்.

1999-இல் மைக்ரோசாஃப்ட் ஒரு யோசனை சொன்னது: உலகத்தின் லாகின் முழுவதையும் எங்களிடம் கொடுங்கள், ‘பாஸ்போர்ட்’ என்ற ஒரே கணக்கு போதும். மற்ற நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. 2001-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் முன்னின்று லிபர்ட்டி அலையன்ஸ் என்ற கூட்டணியை அமைத்தது. 2002-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம், பாஸ்போர்ட்டின் பாதுகாப்பு பற்றி மைக்ரோசாஃப்ட் சொன்னதற்கும் செய்ததற்கும் பொருத்தமில்லை என்று குற்றம்சாட்டி, ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. யாரோ ஒருவரே உலகத்தின் வாயில்காப்போனாக இருக்க வேண்டியதில்லை. அவரவர் ஆட்களுக்கு அவரவரே சான்று தரட்டும், மற்றவர் அதை ஏற்கட்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. இதைத்தான் ஃபெடரேஷன் என்கிறார்கள். கூட்டு அங்கீகாரம் என்று சொல்லலாம். இதற்கான பொது மொழி 2002 நவம்பரில் தரமாக்கப்பட்டது. 2005 மார்ச்சில் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. எஸ்.ஏ.எம்.எல். என்று எழுதுவார்கள், ‘சாமல்’ என்று வாயில் வரும். இன்றும் தொழில் மென்பொருள்களில் ஓடுவது பெரும்பாலும் அந்த 2005-ஆம் ஆண்டுப் பதிப்புதான்.

இது ஏதோ தொலைதூர விஷயம் இல்லை. வருமான வரி இணையதளத்தில் நெட் பேங்கிங் வழியாக நுழைந்திருக்கிறீர்களா? வரித் துறையின் பாஸ்வேர்டைப் போடாமலே உங்கள் வங்கி உங்களை உள்ளே கொண்டுபோய் விடுகிறதல்லவா? அதன் அடிப்படை இதுதான். பல்கலைக்கழக மாணவர்கள் வீட்டிலிருந்தபடியே ஆய்விதழ்களைப் படிப்பதற்கு, காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் இன்ஃபெட் என்ற கூட்டமைப்பை நடத்துகிறது. 2022 ஜூலையில் மத்திய அரசு அறிமுகப்படுத்திய ‘மேரி பஹ்சான்’ அரசுச் சேவைகளுக்கான அதே ஏற்பாடு.

உள்ளே என்ன நடக்கிறது? தாசில்தார் தரும் சான்றிதழை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி எழுத்தர் உங்கள் ஊருக்கு வந்து விசாரிப்பதில்லை. தாளில் ஐந்து விஷயம் பார்க்கிறார்: வழங்கியது யார், யார் பெயருக்கு, எந்தக் காரியத்துக்கு, எந்தத் தேதி வரை செல்லும், கையொப்பம் உண்மையா. சாமலிலும் அதே ஐந்துதான். ஊழியர் பில்லிங் மென்பொருளைத் திறக்கிறார். ‘உன் நிறுவனத்திடம் சான்று வாங்கி வா’ என்று அது பிரவுசரைத் திருப்பி அனுப்புகிறது. நிறுவனத்தின் அடையாள சேவை அவரைச் சோதித்து, கையொப்பமிட்ட சிறு ஆவணம் ஒன்றைத் தருகிறது. பிரவுசர் அதைக் கொண்டுபோய் பில்லிங் மென்பொருளிடம் நீட்டுகிறது. ஊழியரின் பாஸ்வேர்டை பில்லிங் மென்பொருள் பார்ப்பதே இல்லை. ஆகவே நாளை அதன் சர்வர் கொள்ளை போனாலும், உங்கள் ஊழியரின் பாஸ்வேர்டு அதில் இருக்காது.

ஐந்தில் ஒன்றைச் சரியாகப் பார்க்கத் தவறினாலும் ஏற்பாடு சரிந்துவிடும். 2012-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் சாமலைப் பயன்படுத்தும் 14 மென்பொருள்களையும் சேவைகளையும் சோதித்தார்கள். கையொப்பமிட்ட பகுதியை அப்படியே வைத்துவிட்டு, பக்கத்தில் வேறொருவர் பெயர் கொண்ட போலிப் பகுதியைச் செருகினார்கள். 14-இல் 11 ஏமாந்தன. கையொப்பம் உண்மைதான், ஆனால் மென்பொருள் கையொப்பத்தை ஓரிடத்தில் சரிபார்த்துவிட்டுப் பெயரை இன்னோரிடத்தில் படித்தது. மாணவர்களுக்குச் சொல்கிறேன்: இந்தச் சரிபார்ப்பை நீங்களே எழுத உட்காராதீர்கள். பலர் அடிபட்டுத் திருத்திய நூலகங்கள் இருக்கின்றன, அவற்றை எடுத்துப் பயன்படுத்துங்கள்.

‘கூகுள் வழியாக நுழைக’ என்ற பொத்தானைப் பார்த்திருப்பீர்கள். அதன் பின்னால் இருப்பது வேறு பரம்பரை. ‘என் படங்களை இந்த அச்சகம் எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் என் பாஸ்வேர்டு அதற்குத் தெரிய வேண்டாம்’ என்ற அனுமதிக்காகப் பிறந்தது ஓ-ஆத். அதன் இரண்டாம் பதிப்பு 2012-இல் வந்தது. அனுமதிச் சீட்டையே அடையாளச் சீட்டாகப் பலர் பயன்படுத்தினார்கள். ஒரு செயலிக்கு நீங்கள் கொடுத்த சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, அந்தச் செயலிக்காரர் இன்னொரு செயலியில் உங்கள் பெயரில் நுழைந்துவிடலாம் என்ற ஓட்டை அதனால் வந்தது. ‘எந்தக் காரியத்துக்கு’ என்ற மூன்றாவது கேள்வியை யாரும் கேட்கவில்லை. 2014 பிப்ரவரியில் ஓப்பன் ஐடி கனெக்ட் வந்து, டோக்கன் எனப்படும் அந்தச் சீட்டு யாருக்காக வழங்கப்பட்டது என்பதை அதற்குள்ளேயே எழுதவைத்தது.

இப்போது இந்த ஏற்பாட்டின் விலையைச் சொல்ல வேண்டும். நம்பிக்கை முழுவதும் ஒரு கையொப்பத்தில் வந்து நிற்கிறது. கையொப்பமிடும் ரகசியச் சாவி பறிபோனால், திருடன் யார் பெயரில் வேண்டுமானாலும் சான்று எழுதிக்கொள்ளலாம். பாஸ்வேர்டு வேண்டாம், ஓடிபி வேண்டாம். 2020 டிசம்பரில் வெளிப்பட்ட, சோலார்விண்ட்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் வழியாக நடந்த ஊடுருவலில், உள்ளே நுழைந்தவர்கள் சில நிறுவனங்களில் இந்தச் சாவியைத்தான் தேடிப் போனார்கள்.

2023-இல் இதைவிடப் பெரிய பாடம். சீனத்தோடு தொடர்புடைய ஒரு குழு, மைக்ரோசாஃப்டின் 2016-ஆம் ஆண்டுக் கையொப்பச் சாவி ஒன்றை வைத்து டோக்கன்களைப் போலியாகச் செய்தது. அது தனிநபர் கணக்குகளுக்கான சாவி. ஆனால் சரிபார்க்கும் இடத்தில் இருந்த குறையால் அரசு, நிறுவன அஞ்சல்களையும் அது திறந்தது. ‘வழங்கியது யார்’ என்ற முதல் கேள்வியே தவறிவிட்டது. 22 அமைப்புகளின் அஞ்சல்களும் 500-க்கும் மேற்பட்டோரின் அஞ்சல்களும் படிக்கப்பட்டன. அமெரிக்க வணிகத் துறைச் செயலரின் அஞ்சலும் அதில் அடக்கம். சாவி எப்படிப் போனது என்று மைக்ரோசாஃப்டாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று 2024-இல் வெளியான அமெரிக்க அரசின் மீளாய்வுக் குழு அறிக்கை எழுதியது. இதைக் கண்டுபிடித்தது அமெரிக்க வெளியுறவுத் துறை. கூடுதல் கட்டணம் கட்டி விரிவான பதிவேட்டை வாங்கியிருந்ததால், வழக்கத்துக்கு மாறான நுழைவு அதில் தெரிந்தது. பணம் கட்டாதவர்களுக்கு அது தெரிய வழியே இல்லை. அந்தப் பதிவுகளைப் பிறகு மைக்ரோசாஃப்ட் கூடுதல் கட்டணமில்லாமல் கொடுக்கத் தொடங்கியது.

அதே 2023 அக்டோபரில், அடையாள சேவையையே தொழிலாகச் செய்யும் ஆக்டா நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் திருடர்கள் புகுந்தார்கள். பழுது பார்ப்பதற்காக வாடிக்கையாளர்கள் அனுப்பிய கோப்புகளுக்குள் உயிரோடிருந்த டோக்கன்கள் கிடந்தன. 134 வாடிக்கையாளர்களின் கோப்புகள் எடுக்கப்பட்டன. ஐந்து வாடிக்கையாளர்களின் லாகின் கைப்பற்றப்பட்டது. வழி எது தெரியுமா? ஊழியர் ஒருவர் அலுவலக மடிக்கணினியின் பிரவுசரில் தன் சொந்தக் கூகுள் கணக்கில் நுழைந்திருந்தார். அலுவலகப் பாஸ்வேர்டு அந்தச் சொந்தக் கணக்கில் போய்ச் சேமிப்பாகியிருந்தது. இத்தனை கணிதத்துக்கும் பிறகு ஓட்டை ஒரு சாதாரணப் பழக்கத்தில் இருந்தது.

அப்படியானால் பழையபடி தனித்தனிப் பாஸ்வேர்டே மேல் என்று சொல்லலாமா? கூடாது. தனித்தனியாக வைத்திருந்தால் இருபது இடத்தில் இருபது பலவீனம். எதையும் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒன்றாக்கினால் காவலை அந்த ஓரிடத்தில் குவிக்கலாம். ஆனால் குவிக்க வேண்டும். ஒன்றாக்கிவிட்டுக் காவலை மறப்பதுதான் எல்லாவற்றிலும் கேடு.

இனி வெளியேறும் நாளுக்கு வருகிறேன். ஒருவர் வெள்ளிக்கிழமை மாலை வேலையை விட்டுப் போகிறார். நீங்கள் மைய அடையாள சேவையில் அவர் கணக்கை முடக்குகிறீர்கள். எல்லாம் மூடிவிட்டதா? பெரும்பாலும் இல்லை. நான்கு இடங்களில் கசியும்.

ஒன்று, ஏற்கெனவே திறந்திருக்கும் லாகின். சான்றைக் காட்டி உள்ளே போனவருக்கு அந்த மென்பொருள் தன் சொந்த டோக்கனைக் கொடுத்திருக்கும். அவர் கைபேசியில் அது வாரக்கணக்கில் உயிரோடு இருக்கலாம். நீங்கள் மையத்தில் முடக்கிய செய்தி அந்த மென்பொருளுக்குப் போகவே இல்லை. எல்லா இடத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வெளியேற்றும் ஏற்பாடு சாமலில் எழுத்தில் இருக்கிறது. நடைமுறையில் பல மென்பொருள்கள் அதை முழுமையாகச் செய்வதில்லை. உள்ளே விடுவது எளிது; வெளியே அனுப்புவதுதான் பொறியியல்.

இரண்டு, பழைய பாஸ்வேர்டு. சிங்கிள் சைன்-ஆன் வருவதற்கு முன் உருவாக்கிய பாஸ்வேர்டு லாகினைப் பல மென்பொருள்கள் பக்கத்திலேயே வைத்திருக்கும். கொலோனியல் பைப்லைனில் நடந்தது இந்த வகைதான்: எல்லோரும் மறந்த, ஆனால் இன்னும் வேலை செய்யும் வழி.

மூன்று, ஆளுக்குச் சொந்தமில்லாத கணக்குகள். ‘அட்மின்’, ‘அக்கவுன்ட்ஸ்’ என்ற பெயரில் நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் லாகின். போனவர் எப்போதோ இரண்டு மென்பொருளை இணைப்பதற்காக உருவாக்கிய ஏபிஐ சாவி. ஆளை நீக்கினாலும் இவை நீங்குவதில்லை.

நான்கு, கூட்டில் சேராதவை. பையரின் போர்ட்டல், வங்கி, கூரியர், அரசு இணையதளங்கள். இவை உங்கள் அடையாள சேவையைக் கேட்பதில்லை. போட்டி நிறுவனத்தில் சேர்ந்த மெர்ச்சண்டைசர், உங்கள் பையரின் போர்ட்டலில் இன்னும் உங்கள் ஆளாக இருந்தால், உங்கள் விலை அவர் கண்ணில் இருக்கிறது என்று பொருள்.

இதற்குத் தொழில்நுட்பம் தந்த உதவிகளில் முக்கியமானது, 2015-இல் தரமாக்கப்பட்ட ‘ஸ்கிம்’. ஆள் சேர்ந்தால் கணக்கை உருவாக்கு, பிரிவு மாறினால் உரிமையை மாற்று, போனால் கணக்கை முடக்கு என்று மையத்திலிருந்து ஒவ்வொரு மென்பொருளுக்கும் செய்தி அனுப்பும் முறை அது. லாகினுக்குச் சாமலும் வெளியேற்றத்துக்கு ஸ்கிம்மும் என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். பல மென்பொருள் நிறுவனங்கள் இவற்றை விலை உயர்ந்த திட்டத்தில் மட்டுமே தருகின்றன. பாதுகாப்பைச் சொகுசாக விற்பது நியாயமா என்ற சண்டை பல ஆண்டுகளாக நடக்கிறது. நீங்கள் ஒப்பந்தம் போடும்முன் பேரம் பேசினால் இறங்கி வருவார்கள்; போட்ட பின் பேசினால் வர மாட்டார்கள்.

சிறு நிறுவனம் நடத்துகிறவர்களுக்குச் சில நடைமுறைகள். ஊழியரின் சொந்த ஜிமெயிலில் எந்த அலுவலக மென்பொருளையும் திறக்கவிடாதீர்கள். போகும்போது அதையும் கையோடு கொண்டுபோவார். நிறுவனத்தின் டொமைன் பெயரைக் காலாவதியாக விடாதீர்கள். மூடிய நிறுவனத்தின் டொமைனை வேறொருவர் வாங்கி, பழைய அஞ்சல் முகவரிகளை மறுபடி உருவாக்கி, பழைய மென்பொருள்களுக்குள் ‘கூகுள் வழியாக’ நுழைய முடியும் என்று ஆய்வாளர்கள் செய்தே காட்டியிருக்கிறார்கள். மைய லாகினுக்கு இரண்டாவது சோதனை கட்டாயம். முடிந்தால் பாஸ்வேர்டுக்குப் பதில் பாஸ்கீ என்ற சாதனச் சாவியை வையுங்கள். போலித் தளத்தில் அது வேலை செய்யாது. பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று போனில் ஒருவர் சொன்னால், யாரென்று திரும்ப அழைத்து உறுதிசெய்யாமல் மாற்றிக்கொடுக்காதீர்கள். 2023 செப்டம்பரில் எம்.ஜி.எம். என்ற அமெரிக்கச் சூதாட்ட விடுதி நிறுவனத்துக்குள் திருடர்கள் நுழைந்தது, ஊழியர்போல் நடித்து உதவிப் பிரிவை ஏமாற்றித்தான் என்று செய்திகள் வந்தன. நிறுவனம் தனக்கு ஏற்பட்ட பாதிப்பைச் சுமார் 10 கோடி டாலர் என்று கணக்கிட்டது.

இன்னொன்று. மைய சேவையே நின்றால் என்ன செய்வீர்கள்? 2020 டிசம்பர் 14 மாலை, நம் நேரப்படி 5.16 மணி முதல், கூகுளின் லாகின் சேவை சுமார் 47 நிமிடம் நின்றது. ஜிமெயிலின் சர்வர்கள் கெட்டுப்போகவில்லை. நீங்கள் யார் என்று சொல்லும் சேவைக்கு ஒதுக்கிய சேமிப்பு அளவு தவறுதலாகக் குறைக்கப்பட்டிருந்தது. ஆகவே மையத்தைச் சாராத ஓர் அவசர நிர்வாகிக் கணக்கு இருக்கட்டும். அதன் பாஸ்வேர்டு காகிதத்தில், முதலாளியின் பெட்டகத்தில். அது பயன்படுத்தப்பட்டால் உடனே இருவருக்கு எச்சரிக்கை போக வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரு பெரிய நிறுவனத்திடம் ஒப்படைக்க மனம் வரவில்லை என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான தயக்கம். சாமலும் ஓப்பன் ஐடி கனெக்டும் பொதுத் தரங்கள் என்பதால்தான் உங்களுக்குத் தேர்வு இருக்கிறது: மைக்ரோசாஃப்ட், கூகுள், நம் ஊர் ஜோஹோ, அல்லது கீக்ளோக் போன்ற திறந்த மூல மென்பொருளை உங்கள் சர்வரிலேயே நிறுவுவது. கடைசி வழிக்கு, அதையே வேலையாகப் பார்க்கும் ஓர் ஆள் தேவை. ஆள் இல்லாவிட்டால் அந்த வழியில் போகாதீர்கள். அப்டேட் செய்யாத அடையாள சர்வரைவிட ஆபத்தானது அலுவலகத்தில் வேறு எதுவும் இல்லை.

முடிவாக ஒரு வேலை தருகிறேன். திங்கட்கிழமை அலுவலகம் போனதும், உங்கள் நிறுவனத்தை விட்டுக் கடைசியாகப் போனவரின் பெயரை ஒரு தாளின் மேலே எழுதுங்கள். அவருக்குக் கொடுத்திருந்த ஒவ்வொரு லாகினையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் யாராவது திறந்து பார்த்து, முடக்கப்பட்டிருந்தால் மட்டும் ‘மூடியாச்சு’ என்று குறியுங்கள். எழுதவே பட்டியல் இல்லையென்றால், மென்பொருள் எதையும் வாங்கும்முன் அந்தப் பட்டியலைச் செய்யுங்கள். பட்டியல் இருந்து, மூடாத வரிகள் நிறைய இருந்தால், சிங்கிள் சைன்-ஆன் விற்க வருபவரிடம் அந்தத் தாளை நீட்டி, ‘இதில் எத்தனை வரியை உங்கள் ஏற்பாடு தானாக மூடும்?’ என்று ஒரே கேள்வி கேளுங்கள். அவர் தரும் எண்ணைப் பார்த்து விலை பேசுங்கள்.